பூஜைக்கு வைத்த ஃப்ளாப்பிகள்

எங்கள் கடையில் இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்துப் பாறசாலையில் நெடுஞ்சாலையைப் பார்த்த ஒரு கட்டடம். கீழே பழக்கடை, மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட எங்கள் டி.டி.பி. சென்டர். கல்யாணக் கார்டு, ஆலய நோட்டீஸ், கல்லூரிப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட், பஞ்சாயத்துக்குக் கொடுக்கும் மனு எல்லாம் அந்த ஒரு பெட்டிக்குள்ளிருந்துதான் வெளியே வரும். அதன் முன்னால் இருந்த நாற்காலி என்னுடையது. அதில் எனக்குப் பெருமை இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்பா லாரிகளில் சுமை ஏற்றி இறக்குபவர். அம்மா எல்லைக்கு அந்தப் பக்கம் அண்டி ஆபீசில் வேலை பார்த்தாள். முந்திரித் தொழிற்சாலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். வறுத்த கொட்டையை உடைத்து உடைத்து அவள் விரல்களில் ஏறிய கறுப்பு, எந்தச் சோப்புக்கும் போனதில்லை. நான் பத்தாம் வகுப்பு வரை தமிழில் படித்தேன். பிறகு தனுவச்சபுரத்துக் கல்லூரிக்குப் பஸ்ஸில் போய்வந்த காலத்தில் மலையாளம் கைவந்தது. நெய்யாற்றின்கரையில் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்துச் சான்றிதழை வாங்கி வந்த அன்று, அப்பா மகள் வாங்கிய அந்தக் காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "சீல் நல்லா விழுந்திருக்கு" என்றார்.

இரண்டு மொழியும் தெரிந்ததால்தான் எனக்கு அந்த நாற்காலி கிடைத்தது. எங்கள் பக்கத்துக் கல்யாணக் கார்டுக்கு ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் மலையாளம் வேண்டும். பெண் மார்த்தாண்டத்துக்காரி, மாப்பிள்ளை அமரவிளைக்காரன் என்றால் வேறு வழியில்லை. அந்த வருடம் அதைவிடப் பெரிய வேலை ஒன்று வந்திருந்தது. முதலாளி போகும் பழைய மிஷன் கிறிஸ்தவ சபையில் இன்றும் தமிழ்ப் பாட்டுகள்தான் பாடுகிறார்கள். ஆனால் பிள்ளைகள் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படிப்பதால் அவர்களுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. தமிழ்ப் பாட்டுகளை மலையாள எழுத்தில் அச்சடித்துக் கொடுத்தால் பிள்ளைகளும் பாடுவார்கள் என்று சபையின் பெண்கள் சங்கம் முடிவு செய்தது. சங்கத்தின் செயலாளர் ஹைஸ்கூலில் மலையாளம் கற்பிக்கும் டீச்சர். மாலையில் பள்ளி விட்டதும் மாடியேறி வருவார், பக்கத்தில் நின்று ஒரு வரி பாடுவார், நான் அடிப்பேன். ழகரம் எங்கே வருகிறது என்று அவர் என்னிடம் கேட்பார். மலையாளக் கூட்டெழுத்தில் நான் தடுமாறினால் அவர் சொல்லித் தருவார். மழைக்காலம் முழுவதும் இப்படியே போய், சபையில் விளைச்சலைப் படைக்கும் அறுப்பின் பண்டிகைக்குப் புத்தகம் கையில் இருக்க வேண்டும் என்று பேச்சு.

அப்போதுதான் முதலாளி புது விண்டோஸ் வாங்கினார். பெட்டி மினுமினுவென்று அலமாரியில் வந்து உட்கார்ந்தது. நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் அச்சகங்கள் எல்லாம் மாறிவிட்டன, நம் ஃபைல் அங்கே திறக்காது என்றார். முதலாளியை நான் சார் என்றுதான் கூப்பிடுவேன். சார் திருவனந்தபுரத்து டெக்னீஷியனிடம் போனில் பேசியது மாடி முழுக்கக் கேட்டது.

"எல்லாம் ஒக்க துடைச்சு எறிஞ்சிட்டுப் புதுசா போட்டுரலாம்னாக்கும் சொல்லுதான்" என்று போனை வைத்துவிட்டுச் சொன்னார். பிறகு என்னைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்தபடி, "புதுசு ஓட்டத் தெரிஞ்ச ஒரு பெண்ணும் உண்டாம். வேணும்னா அனுப்பித் தாறேன்னான்" என்றார்.

இரண்டு நாளில் சுழல் நாற்காலி ஒன்று வந்து இறங்கியது. பிளாஸ்டிக் உறைகூடக் கிழிக்காமல் மூலையில் போட்டு வைத்தார்கள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

"சார், இதுக்கு வேண்டிய ஒருக்கம், ஏற்பாடு எல்லாம் நான் செய்யுதேன்" என்றேன்.

"ஒனக்கு அது அறியுமா?"

"டாஸ் அறியும். இந்த மிஷினை அறியும். பின்ன என்ன?"

"செய்யி. ஆனா ஒண்ணு. ஒரு ஃபைலு போச்சுன்னா அப்பறம் அந்தப் பெண்ணு வந்து இருக்கட்டும், கேட்டியா. பாட்டு புக்கு போச்சுன்னா எனக்குச் சபைக்குள்ள தலை காட்ட ஒக்காது."

அப்படியாக என் நாற்காலி அந்தப் பாட்டுகளின் மேல் வந்து நின்றது.

டெக்னீஷியனிடம் நானே போன் செய்து என்னென்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். முதலில் இடம். ஹார்டு டிஸ்க் நிறைந்து வழிந்தது. கல்யாணம் முடிந்து குழந்தையும் பிறந்தவர்களின் கார்டுகளை முதலில் அழித்தேன். ஒவ்வொன்றையும் திறந்து பார்த்துத்தான் அழித்தேன். ஒரு கார்டில் மட்டும் கை நின்றது. கார்டு அடித்துக் கொடுத்த பிறகு நின்றுபோன கல்யாணம் அது.

"சார், இதை அழிக்கட்டா?"

"வேண்டாம் பிள்ளே. ரெண்டு வீட்டுக்காரனும் இப்ப ஒரே டீக்கடையில இருந்து டீ குடிக்கான். தேதி மட்டும் மாத்தினா போதும்."

அடுத்து வைரஸ். கல்லூரிப் பிள்ளைகள் கொண்டுவரும் ஃப்ளாப்பிகளில் ப்ராஜெக்ட் இருக்கிறதோ இல்லையோ, அது இருக்கும். பிறகு டிஸ்க் முழுவதையும் கீறல் இருக்கிறதா என்று இயந்திரத்தையே தேட விடுவது. அது முடிய மணிக்கணக்கில் ஆகும். நடுவில் கரண்டு போகக் கூடாது. அந்த நாட்களில் சாயங்காலம் அரை மணி நேரம் கரண்டு கட், அதுவும் ஒவ்வொரு ஏரியாவுக்கு ஒவ்வொரு நேரம். அதனால் காலையில் கடையைத் திறந்ததும் அதைத் தொடங்கிவிட்டு, வருகிறவர்களை எல்லாம் மத்தியானம் வரச் சொல்லி அனுப்பினேன். கடைசியாகச் சிதறிக் கிடக்கும் ஃபைல்களை ஒன்றாக அடுக்குவது. திரையில் வண்ணக் கட்டங்கள் ஒவ்வொன்றாக எழும்பி வேறிடத்தில் போய் அமரும். அம்மாவின் அண்டி ஆபீசில் முழுப் பருப்பை முழுப் பருப்போடும், பிளந்ததைப் பிளந்ததோடும் பெண்கள் தரம் பிரிப்பார்கள். எனக்கு அதைப் பார்ப்பதுபோலத்தான் இருந்தது. வேலை ஒன்றும் இல்லாமல் நாற்காலியில் சாய்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பெரிய வேலை நகல் எடுப்பதுதான். மழைக்காலத்தில் எங்கள் ஊரில் ஃப்ளாப்பிக்கும் பூசணம் பிடிக்கும். உலோகத் தகட்டை நகத்தால் தள்ளி உள்ளே இருக்கும் பழுப்புத் தகட்டை வெளிச்சத்தில் பிடித்தால் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். அப்படிப்பட்டதை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுப் பெட்டி வாங்கச் சொன்னேன். பாட்டு புத்தகத்துக்குச் சிவப்பு லேபிள், மற்றதற்கு நீலம். அவற்றோடு பச்சை லேபிள் ஒட்டிய ஒன்றும் உண்டு. மலையாள எழுத்துகளைத் திரையில் கொண்டுவரும் மென்பொருள் அந்த ஒரே ஃப்ளாப்பியில்தான் வந்தது. அதை நகல் எடுக்க முடியாதபடி பூட்டியிருந்தார்கள். அது கெட்டால் அடித்ததெல்லாம் வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும்.

டெக்னீஷியனுக்கு ஒழிந்த நாள் ஒன்றுதான் இருந்தது, மகாநவமி. சாருக்கும் அது வசதி. "அன்னைக்கு எழுதப்பிடாது, வாசிக்கப்பிடாதுன்னு ஒருத்தனும் வரமாட்டான். எங்க வீட்டில அந்த ஏற்பாடும் இல்ல. நல்ல நாளாக்கும்" என்றார்.

துலாம் என்கிற ஐப்பசி மாத மழை ஆரம்பித்திருந்தது. சாயங்காலம் ஆனால் கிழக்கு மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்து கொட்டும். கடைக் கூரையில் ஓட்டை சரியாக அலமாரிக்கு மேலே. ஆகவே ஃப்ளாப்பிகளை எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன். எங்கள் வீடு சிறியது என்றாலும் ஒழுகாது.

அம்மா டின்னைத் திறந்து பார்த்தாள். "இது என்ன மக்களே?"

"கடையில உள்ளது ஒக்க இதுக்குள்ள உண்டும்மா. பாட்டு, கல்யாணம், மனு, எல்லாம்."

"அப்போ புக்காக்கும்."

"ஓ, புக்குதான்னு வச்சிக்கோ."

அப்போது அதை நான் பெரிதாக நினைக்கவில்லை.

துர்காஷ்டமி அன்று சாயங்காலம் நான் வீட்டுக்கு வரும்போது அம்மா குளித்து, துவைத்த நேரியதை மேல்துணியாகப் போட்டு, விளக்கு ஏற்றியிருந்தாள். சின்ன வயதில் என் பள்ளிப் புத்தகங்களைப் பூஜைக்கு அம்பலத்தில், கோயிலில்தான் கொண்டு வைப்போம். அம்மா மண்டபத்துக்கு வெளியே நின்று, உள்ளே இருக்கும் யாரிடமாவது புத்தகக் கட்டைக் கொடுப்பாள். எந்தக் கட்டு நம்முடையது என்று அவளுக்குப் பிறகு தெரியாது. திரும்ப எடுக்கும்போது நான்தான் பெயர் பார்த்து எடுப்பேன். படிப்பு முடிந்த பிறகு அதுவும் நின்றுபோனது. "வைக்கியதுக்கு வீட்டில ஒண்ணும் இல்ல" என்று ஒவ்வொரு வருடமும் சொல்வாள்.

இந்த முறை வைத்திருந்தாள். மணையின் மேல் வாழை இலை விரித்து, என் கல்லூரிப் புத்தகங்களை அடுக்கி, அவற்றுக்கு முன்னால் ஃப்ளாப்பிகளை ஒவ்வொன்றாகப் பரப்பியிருந்தாள். சிவப்பு, நீலம், நடுவில் பச்சை. ஒவ்வொன்றிலும் சந்தனம், அதன் மேல் குங்குமம், பக்கத்தில் ஒரு சிவந்த தெச்சிப் பூ.

நான் குனிந்து பார்த்தேன். பொட்டு எல்லாம் உலோகத் தகட்டின் மேல்.

"அம்மா, இது ஏன் இங்க வச்சே?"

"அது வெள்ளி மாதிரி மின்னுது. நெத்தி அதுதான்னு நெனச்சேன். ஏன் பிள்ளே, தப்பா?"

அந்தத் தகடு விலகினால்தான் இயந்திரம் உள்ளே இருப்பதைப் படிக்கும். சந்தனம் ஈரமாக மினுங்கியது. நான் கையை நீட்டினேன்.

"தொடாத! பூஜைக்கு வச்சதத் தொடப்பிடாது. நாளை கழிஞ்சு தசமி காலையில வெளக்கு வச்சு நானே எடுத்துத் தாறேன்."

"நாளைக்கு ஆளு வாறாரு. எனக்கு இது வேணும்."

"ஆளு எங்க இருந்து வாறான்?"

"திருவனந்தபுரம்."

"அவனுக்கு வீட்டில பூஜை இல்லியா? அம்மை இல்லியா?"

வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்த அப்பா, "எடுத்துக் குடு. பிள்ளைக்க வேலையாக்கும்" என்றார்.

"நீங்க பேசாத இரியுங்க. பிள்ளைக்க வேலைக்குத்தான் நான் வெளக்கு வச்சிருக்கேன்."

எடுத்திருக்கலாம். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்துகிற ஆள் அல்ல. ஆனால் அந்த இலையையும் அவள் அடுக்கிய வரிசையையும் பார்த்தபோது எனக்குக் கை வரவில்லை. கோயிலில் மண்டபத்துக்கு வெளியே நின்று கொடுத்தவள், தன் வீட்டு மூலையில் தானே வைத்திருக்கிறாள். இன்னொரு காரணமும் இருந்தது. ஈரத்தில் தொட்டால் சந்தனம் தகட்டின் அடியில் இறங்கிவிடும். காயட்டும் என்று விட்டேன்.

மகாநவமி அன்று டெக்னீஷியன் சொன்ன பஸ்ஸில் சரியாக வந்துவிட்டார். என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர், தோளில் ஒரு பை. மலையாளத்தில்தான் பேசினார். எங்கள் பேச்சு அவருக்குப் புரிந்தது.

"பேக்கப் எவிடெ?" என்றார்.

"வீட்டில உண்டு. ஆனா இன்னைக்கு எடுக்க ஒக்காது. பூஜைக்கு வச்சிருக்கு."

சார் தலையில் கை வைத்தார். டெக்னீஷியன் சிரித்துவிட்டார். அவருடைய அம்மாவும் அவருடைய ஸ்க்ரூட்ரைவர் பையைப் பூஜைக்கு வைத்துவிட்டாளாம். அவள் அடுக்களைக்குப் போன நேரம் பார்த்துத் திருடிக்கொண்டு வந்தாராம். பையைத் திறந்து காட்டினார். ஒரு ஸ்க்ரூட்ரைவரின் பிடியில் குங்குமம் இருந்தது.

"நீங்க சிரிங்க!" என்றார் சார். "எங்க சபைக்க பாட்டு போய் சரஸ்வதி பூஜையில இருக்கு. இதை நான் பாஸ்டரிட்ட எப்படிச் சொல்லுவேன்?"

அந்த நேரம் பார்த்து டீச்சர் மாடியேறி வந்தார். கம்ப்யூட்டரைத் திறக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மனது கேட்காமல் வந்தவர். விஷயத்தைக் கேட்டதும் குடையை மூலையில் சாத்திவிட்டுச் சிரித்தார்.

"பாஸ்டரிட்ட நான் சொல்லுதேன் சாரே. ஒரு நாள் சந்தனம் மணந்தா பாட்டு கெட்டா போவும்?"

"டீச்சருக்குச் சிரிப்பு. இவரு இனி எப்ப வருவாரு?"

டெக்னீஷியன் யோசித்துவிட்டு, தீபாவளிக்குப் பிறகுதான் முடியும் என்றார். அறுப்பின் பண்டிகை அதற்கு முன்னால் வருகிறது.

"பேக்கப் இல்லாதெயும் நான் செய்திருக்கேன்" என்று டெக்னீஷியன் மெல்லச் சொன்னார். "பத்துல ஒம்பது சரியாயிட்டு போகும்."

"அப்போ தொடங்கிடுங்க" என்றார் சார்.

"பத்தாவது இதுவானா?" என்றேன்.

"நீ எந்திரி. அவரு இருக்கட்டும்."

நான் எழுந்திருக்கவில்லை. "எந்திரிக்க மாட்டேன் சார். ஒரு ஃபைலு போனா எனக்க நாற்காலி போகும்னு நீங்கதான் சொன்னீங்க. போகியதா இருந்தா எனக்க கையால போகட்டும். நகல் இஞ்ச வராம இதுல கை வைக்க விடமாட்டேன்."

"பிள்ளே, சம்பளம் நான் ஒனக்குத் தாறேனா, நீ எனக்குத் தாறியா?"

டீச்சர் இடையில் வந்தார். "பாட்டு எங்களுக்க. ஒரு நாள் எங்களுக்குப் பொறுக்க ஒக்கும். அவ சொல்லுகதுதான் சரி."

டெக்னீஷியனுக்குக் கோபம் வரவில்லை. என்னைச் சற்றுத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, நின்றபடியே கீபோர்டில் நாலைந்து கட்டளை கொடுத்து டிஸ்கைப் பார்த்தார். திரையில் ஒரு கட்டம்கூடச் சிதறிக் கிடக்கவில்லை.

"இது யார் செய்தது?"

"நான்."

"கொள்ளாம்" என்று மெச்சினார். பிறகு சாரிடம், இவ்வளவு சுத்தமாக இருக்கும்போது எல்லாவற்றையும் அழிக்கத் தேவையில்லை, பழையதின் மேலேயே போடலாம், அதை இவளே செய்வாள் என்றார். கொண்டுவந்த மெமரி அட்டையைப் பொருத்தி, மூடி, திருகாணியை முடுக்கினார். பிறகு என்னிடம் ஒவ்வொன்றாகச் சொன்னார். நடுவில் இயந்திரம் செத்தது மாதிரி நின்றால் பயப்படாதே, பொறு. ரொம்ப நேரம் ஆனால் சுவிட்சை அணைத்துவிட்டுத் திரும்பப் போடு, விட்ட இடத்திலிருந்து அதுவே பிடித்துக்கொள்ளும். எழுத்து ஃப்ளாப்பி மட்டும் கையில் இருக்கட்டும். வீட்டு போன் நம்பரைத் தந்துவிட்டு, டீயைக் குடித்துவிட்டு, பஸ் பிடித்துப் போனார்.

விஜயதசமி காலையில் அம்மா விளக்கு ஏற்றி, ஃப்ளாப்பிகளை எடுத்து என் கையில் தந்தாள்.

"ஒண்ணு வாசி" என்றாள்.

பூஜை எடுத்ததும் முதலில் கொஞ்சம் வாசிக்க வேண்டும், எழுத வேண்டும். அதுதான் வழக்கம். நான் கல்லூரிப் புத்தகத்தை எடுத்தேன்.

"அது நீ படிச்சு முடிச்சது. இதை வாசி."

"இதைக் கையில வச்சு வாசிக்க ஒக்காதும்மா. மிஷினில போடணும்."

"அப்போ நானும் வாறேன். வாசிச்சப்பறம்தான் மத்த வேலை."

அம்மா அதுவரை என் கடைக்கு வந்ததே இல்லை. அன்று டின்னைத் தானே மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தாள், மாடிப்படியில் என் பின்னால் ஏறினாள். பெஞ்சு முழுக்கக் காகிதக் கட்டு. என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

சந்தனம் காய்ந்து பொருக்காகியிருந்தது. பஞ்சால் துடைத்து, தகட்டைத் தள்ளிப் பார்த்து, ஒவ்வொன்றாகச் செருகினேன். பெயர்கள் திரையில் ஓடின.

"இது என்ன?"

"அமரவிளையில ஒரு கல்யாணம்."

"இது?"

"பாட்டு. முதல் பாகம்."

"எல்லாத்தையும் வாசி. எல்லாத்துக்கும் பொட்டு வச்சாச்சில்லா."

நாலைந்தைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அம்மா விடவில்லை. சிவப்பு எல்லாம் வாசித்தன. நீலமும். பச்சையைச் செருகியதும் டிரைவ் கரகரவென்று இழுத்தது, நின்றது, திரும்ப இழுத்தது. படிக்க முடியவில்லை என்று திரையில் வந்தது.

"என்ன சொல்லுது?"

"தெரியல்ல. நீ கொஞ்சம் பேசாத இரி."

வெளியே எடுத்தேன். நடுவில் வைத்ததால் அதற்கு மட்டும் பொட்டு பெரிதாக வைத்திருந்தாள். தகட்டின் ஓரத்தில் சந்தனத் தூள் உள்ளே இறங்கியிருந்தது. தகட்டைத் திறந்து பிடித்து, பின்பக்கத்து வட்டத்தை விரலால் மெல்லச் சுற்றிச் சுற்றி, தெரிகிற இடத்தை எல்லாம் பிரிண்டருக்கு வைத்திருக்கும் தூரிகையால் தட்டினேன். ஊதவில்லை, எச்சில் ஈரம் படும். திரும்பச் செருகினேன். இழுத்தது. நின்றது. மறுபடி எடுத்துச் சுற்றினேன். மூன்றாம் முறை டிரைவின் விளக்கு அணையாமல் எரிந்தது, பெயர்கள் வந்தன. கையை மடியில் வைத்துக்கொண்டேன். கடை முழுக்கச் சந்தன வாசனை.

பிறகுதான் புது விண்டோஸ் பெட்டியின் உறையைக் கிழித்தேன்.

ஒவ்வொரு ஃப்ளாப்பியாக அது கேட்டது, நான் கொடுத்தேன். கொஞ்ச தூரம் போனதும், டெக்னீஷியன் சொன்னதுபோலவே, அசையாமல் நின்றது. பொறுத்தேன். கீழே பழக்கடைக்காரர் வந்து யாரிடமோ குலையின் விலை பேசி முடிக்கும் வரை பொறுத்தேன். பிறகு சுவிட்சை அணைத்துப் போட்டேன். விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டது. மத்தியானத்துக்குள் திரை மேகம் போட்ட நீல வானமாகத் திறந்து, ஒரு இசை கேட்டது. அம்மா, "பாடுது" என்றாள்.

சாரும் டீச்சரும் மேலே வந்தது அப்போதுதான். "ஆச்சா?" என்றார் சார், வாசலில் நின்றே.

பாட்டு புத்தகத்தைத் திறந்தேன். பக்கம் வந்தது. ஆனால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துகளும் கேள்விக்குறிகளும் அடைப்புக்குறிகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன.

டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். "இது ஏது பாஷை?"

"போச்சு" என்றார் சார்.

"போவல்ல சார். பாட்டு உண்டு. அதைக் காட்டுகிய எழுத்து இல்ல. அதைத் திரும்பப் போடணும்."

குரல் நிதானமாகத்தான் வந்தது. ஆனால் பச்சை லேபிள் ஃப்ளாப்பியை எடுத்தபோது அதன் மூலை டின்னில் தட்டியது. இந்த ஒன்று, இந்த ஒரு தடவை. செருகினேன். டிரைவ் இழுத்தது. நான்கு பேரும் அந்தச் சின்னப் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம். நடுவில் ஒருமுறை கரகரத்தது. பிறகு சத்தம் சீரானது, கோடு வலதுபக்கம் வளர்ந்து முடிந்தது.

பக்கத்தைத் திரும்பத் திறந்தேன். மலையாள எழுத்துகள் வரிசையாக, உருண்டு, அதனதன் இடத்தில் இருந்தன.

டீச்சர் நம்பாமல் கடைசிப் பக்கத்தைக் காட்டச் சொன்னார். காட்டினேன். நடுவில் ஒன்று சொன்னார். அதையும் காட்டினேன். பிறகு திரையைப் பார்த்து வாய்விட்டு வாசிக்க ஆரம்பித்தார். இரண்டு வரியில் வாசிப்பு பாட்டாகிவிட்டது. பின்னால் நின்ற அம்மா என் தோளைத் தொட்டாள்.

"எழுத்து மலையாளம்னு சொன்னியே. இது நம்ம பேச்சுல்லா?"

"பேச்சு நம்மளுக்க. எழுத்து மலையாளம்."

"வாசிச்சாச்சு அப்போ" என்றாள் அம்மா. அவளுக்கு அது போதும்.

அப்போதுதான் சார் அம்மாவைச் சரியாகப் பார்த்தார். அவள் இன்னும் நின்றுகொண்டே இருக்கிறாள் என்று டீச்சர் சொன்னார். சார் மூலைக்குப் போய், அந்தச் சுழல் நாற்காலியின் பிளாஸ்டிக் உறையைப் பிடித்து இழுத்துக் கிழித்தார். அது லேசில் கிழியவில்லை. ஒரு முனையைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டியிருந்தது. நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து அம்மாவின் பின்னால் நிறுத்தினார்.

"இரியுங்க அம்மா."

"புதுசா இருக்கே. ஆருக்கு வாங்கினது?"

சார் கையில் இருந்த பிளாஸ்டிக்கை உருட்டினார். "வாறவங்க இருக்கட்டும்னு வாங்கினதுதான்."

அம்மா கறுத்த விரல்களால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். அது அரைவட்டம் சுற்றியது. "எம்மா!" என்று கால்களைத் தரையில் ஊன்றிக்கொண்டாள். டீச்சர் பாட்டை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

சாயங்காலம் டெக்னீஷியன் போன் செய்தார். ஆயிற்றா என்று கேட்டார். ஆயிற்று என்றேன். அவருடைய அம்மா ஸ்க்ரூட்ரைவர் திருட்டைக் கண்டுபிடித்துவிட்டாளாம். அதற்குப் பிறகு, புதுசு ஓட்டத் தெரிந்த அந்தப் பெண்ணைப் பற்றி யாரும் பேசவில்லை. பாட்டு புத்தகம் அறுப்பின் பண்டிகைக்கு வந்தது. அட்டை மட்டும் நான் கேட்ட நிறத்தில் இல்லை.

அடுத்த வருடமும் துர்காஷ்டமி வந்தது. அம்மா ஒரு வாரம் முன்பே, "பாட்டு கொண்டுவா" என்று சொல்லத் தொடங்கிவிட்டாள். பூட்டிய பச்சையைத் தவிர எல்லாவற்றுக்கும் நான் இரண்டு நகல் எடுத்தேன். ஒன்றைக் கடையில் பூட்டினேன், இன்னொன்றை டின்னில் போட்டுக் கொண்டுபோனேன். பொட்டை எங்கே வைக்க வேண்டும் என்று லேபிளின் மேல் பேனாவால் ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன வட்டம் போட்டுக் கொடுத்தேன்.